மாதிரி ஸ்டூலில் கை வைத்த கதை

அன்பு மகளுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதவில்லை. மாலை வகுப்பு டீச்சரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில் பட்டறையைத் திறக்கும் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், முடிக்கப் பத்து நாளாவது ஆகும். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது. நாற்காலியை மாற்றாதே, மேசையின் நாலு காலுக்கும் கீழே இரண்டு விரல் கனத்துக்குப் பலகைத் துண்டு வை, சரியாகிவிடும். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படிதான் ஏறுவதில்லை. மழைக்குப் பட்டறைக் கூரையில் ஒரு இடத்தில் ஒழுகியது, தகரம் மாற்றிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை, எழுதுகிறேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எழுதாவிட்டால் உன் மாணவி பட்டறையைக் காலி செய்துவிடுவாள். பஸ் நிலையத்துப் பக்கம் வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறாள், மாதக் கடைசி வரை எனக்குத் தவணை.

நீ அவளை அனுப்பியபோது என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நான் தொழில் சொல்லிக் குடுக்கிற பொண்ணுப்பா, புதுசா ஆரம்பிக்கிறா, ஸ்டூல் வடிவமைக்கிறா, பாதி இடம் குடுங்க போதும் என்றாய். கொடுத்தேன். அவள் நல்லவள்தான், கருவியை எடுத்த இடத்தில் வைப்பாள். ஆனால் நீ வாரம் தவறாமல் வியாழக்கிழமை அவளோடு ஒரு மணி நேரம் போனில் பேசுகிறாய். எந்த வாடிக்கையாளரை ஏற்பது, யாரிடம் முடியாது என்று சொல்வது, எத்தனை நாள் கேட்பது என்று எல்லாம் பேசுகிறாய். அவள் போனைப் பலகை மேல் வைத்துவிட்டு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள். என்னிடம் பேசும்போது சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க, அவ்வளவுதான். நாற்பது வருஷம் நாற்காலி செய்தவனிடம் தொழிலைப் பற்றி நீ ஒரு கேள்வி கேட்டதில்லை. அதோடு போகட்டும் என்றால் அவளுக்கு மட்டும் பாடம் எழுதித் தபாலில் அனுப்புகிறாய். அதை வரிசையாகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். என் சுவரில், என் மகள் எழுதியது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. நான் எதற்கு இந்த வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன் என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இதற்குத்தான்.

நாலு மாதத்தில் எழுத்து கூடிவிட்டது. முதல் முறை உன் முதல் பக்கத்தின் முதல் வரியை விரல் வைத்துப் படித்து முடித்தபோது யாரும் இல்லாத பட்டறையில் திரும்பவும் சத்தமாகப் படித்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. அவள் ஒரு வாரம் சந்தைக்குக் கடை போடப் போனபோது நான் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

அவள் போகும்போது சொன்னாள், புதுசா திறக்கிற காப்பிக் கடைக்காரர் மாதிரி பார்க்க வருவார், முப்பது ஸ்டூல் வேணுமாம், மாதிரியை மூலையில் வெச்சிருக்கேன், காட்டுங்க ஐயா போதும் என்றாள். அவளுடைய ஸ்டூல் எளிமையானது, மூன்று கால், வட்டப் பலகை, ஸ்க்ரூ போட்டு முடுக்கியது, ஒரே ஒரு பூச்சு எண்ணெய். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் அதைக் கழற்றினேன். ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் காலைப் பலகைக்குள் துளைத்து ஏற்றி ஆப்பு அடித்தேன். விளிம்பை அடிப்பக்கமாக இழைத்து மெலிதாக்கினேன். ஐந்து முறை தேய்த்து மெருகு ஏற்றினேன். நாலு நாள் ஆனது. காப்பிக் கடைக்காரர் வந்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். பெரியவரே, இதே மாதிரி முப்பது, நாலு வாரத்துல வேணும் என்றார். நான் ஆகட்டும் என்றேன். வாடிக்கையாளரிடம் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை, வாய்க்கு வேறு வார்த்தை வராது.

அவள் திரும்பி வந்து ஸ்டூலைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். நாலு நாள் ஆனதையும் முப்பதுக்கு ஆகட்டும் என்றதையும் சொன்னேன். நான் ஒத்த ஆளு, நாலு நாளுக்கு ஒண்ணுன்னா முப்பது எப்ப முடிப்பேன், சொல்லுங்க என்றாள். பிறகு என்னைச் சுவரின் பக்கம் கூட்டிப்போய் உன் மூன்றாம் பக்கத்தைக் காட்டி, படிங்க என்றாள். படித்தேன். மாதிரி என்பது உன் திறமையைக் காட்டுவதற்கு இல்லை, களைத்துப்போன கையாலும் முப்பதாவது முறை திரும்பச் செய்ய முடிவதைக் காட்டுவதற்கு என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு எழுத்தாக நான் கூட்டிப் படித்து முடிக்கும் வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். அப்படி ஒரு அவமானம் எனக்கு இதுவரை இல்லை மகளே.

அன்று ராத்திரியே அவள் தன் முறையில் புதிதாக ஒரு ஸ்டூல் செய்து முடித்தாள். மறுநாள் காலையில் இரண்டு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு காப்பிக் கடைக்குப் போனோம். அவளே பேசினாள். இது எங்க பட்டறைப் பெரியவர் செஞ்சது, இது நான் செஞ்சது, என்னால இதைத்தான் தர முடியும் என்றாள். அவருக்குக் கோபம். ஒண்ணைக் காட்டி ஆசை மூட்டிட்டு இன்னொண்ணை நீட்டுறியேம்மா என்றார். கடைசியில் அவளுடையதில் பன்னிரண்டு போதும், மிச்சத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை, என்னால் பாதிக்கும் கீழே போய்விட்டது. திரும்பும் வழியில் நான் தூக்குகிறேன் என்றாலும் கொடுக்காமல் இரண்டு ஸ்டூலையும் அவளே சுமந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு காகிதம் நீட்டினாள். அவள் வேலையில் கேட்காமல் கை வைக்கக் கூடாது, அவள் இல்லாதபோது யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, நடந்ததை நானே என் கையால் உனக்கு எழுத வேண்டும், எழுதியதை அவளிடம் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும். கடைசியில் உள்ளதை நான் அடித்துவிட்டேன். என் மகளுக்கு எழுதுவதை நீ எதுக்கும்மா படிக்கணும் என்றேன். அவள், சரி, அக்காகிட்டயே கேட்டுக்கிறேன், ஐயா எல்லாத்தையும் எழுதிட்டாருன்னு அவங்க சொன்னா இருக்கேன் என்றாள். எத்தனையோ காகிதத்தில் கைநாட்டு வைத்திருக்கிறேன், ஒன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இதை முழுக்கப் படித்து, ஒரு வரியை அடித்துவிட்டு, பெயரை எழுதினேன். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள், பொண்ணு வயசுல இருக்கறவகிட்ட போட்டி போட்டுட்டு வந்து பெருமை வேற பேசுறீங்களா என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் என்று உன் மாணவி சொன்னதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. பழைய கைப்பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றுதான் அவளிடம் சொன்னேன். அது பொய். நாலு நாளும் தெரிந்துதான் செய்தேன். முப்பது செய்ய முடியாமல் அவள் தடுமாற வேண்டும், இவளுக்குப் போய் இவ்வளவு சொல்லிக் கொடுத்தோமே, அப்பா கை எங்கே இவள் கை எங்கே என்று நீ நினைக்க வேண்டும் என்று செய்தேன். அவள் போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். இப்போது அவள் போகக் கூடாது என்று கேட்கிறேன். இந்தக் காரணத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவள் மாறினதாக நினைக்காதே, நான் மாறினதாகவும் நினைக்காதே. இன்றைக்கும் வியாழக்கிழமை அவள் போன் அடித்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். மாதக் கடைசிக்குள் அவளிடம் பேச மறந்துவிடாதே. அப்பா எல்லாத்தையும் எழுதிட்டார் என்று சொல். அதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகாது. மிச்ச நேரத்துக்கு என்னைக் கூப்பிடு, மாத்திரை போட்டுவிட்டேன், தொழிலைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
உன் பாடத்தில் ஏழாம் பக்கம் வந்திருக்கும்
உன் அப்பா