துபாய் பார்க்கப் போன மனுசி

துபாய்,
புதன்கிழமை.

கிளைட்டனின் அப்பாவுக்கு,

யூஜினி எழுதுகிறேன். மாதாவின் கிருபையால் நானும் கூட வந்த நபீலாவும் மக்தலேனாவும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என் இலக்கத்தைக் கண்டதும் போனை வெட்டுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. நபீலாவின் மருமகன் முபாரிஸ் இன்று ஊருக்குப் பறக்கிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

பிறசர் குளிசையை மறக்காமல் போடுங்கள். குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. காயப்போட்ட கருவாட்டைப் பக்கத்து வீட்டு அல்பொன்சாவிடம் சொல்லி எடுத்து வையுங்கள். கோபம் என்னோடுதானே, கருவாட்டோடு இல்லையே.

நான் புறப்பட்ட அன்று நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். பத்து வருசம் அங்கதானே கிடந்தாய், இன்னும் என்ன பார்க்கக் கிடக்கு என்றீர்கள். போனால் என் வாசலை மிதிக்காதே என்றும் சொன்னீர்கள். பத்து வருசத்தில் நான் பார்த்தது ஒரு குசினி, ஒரு குளியலறை, மொட்டைமாடியில் ஒரு துணிக்கொடி. நபீலாவும் மக்தலேனாவும் வேறு வேறு வீடுகளில் பார்த்ததும் அவ்வளவுதான். பணிப்பெண்ணாய்ப் போனபோது ஊர் வாயைத் திறக்கவில்லை. பார்க்கப் போனால்தான் மானம் போகிறதாம். போகட்டும். நபீலா கேட்கிறாள், தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு மன்னாரை விட்டே துரத்தப்பட்டு வந்தவள் நான், ஊர் வாய்க்கா பயப்படப் போறன் என்று.

இப்போது பார்க்கிறோம். வானத்தை முட்டும் கட்டடத்தின் உச்சிக்கு ஏறினோம். மக்தலேனா கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னாள். காசு குடுத்து ஏறிட்டு கண்ணை மூடுறியே என்று நபீலா ஏசினாள். மரப்படகில் துபாய் ஓடையைக் கடந்தபோது, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் உங்களை நினைத்தேன். தங்கக் கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் விலை கேட்டோம்.

முதல் நாள் விடுதியில் ஒரு கூத்து. விடியுமுன் எழும்பிப் பழகிய உடம்பு அல்லவா, மூவருமாய்ப் படுக்கையை விரித்து, கண்ணாடியைத் துடைத்து, கழிவறையையும் உரஞ்சி விட்டோம். அறை துப்புரவாக்க வந்த பிலிப்பீன் பிள்ளை பயந்துபோனாள். தன் வேலையில் குறை கண்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள், பாவம். மறுநாள் கலைந்த படுக்கையை அப்படியே விட்டுவிட்டு வர, ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நேற்று நான் வேலை செய்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரி கிழவியாகிவிட்டாள். என்னைக் கண்ட சந்தோசத்தில் முத்தம் தந்துவிட்டு, பழையபடி, யூஜினி, தேத்தண்ணி போடு என்றாள். கால் தானாகவே குசினிக்குப் போய்விட்டது. கேத்திலையும் எடுத்துவிட்டேன். எடுத்ததை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, அத்தனை வருசமும் தூசி மட்டும் தட்டிய பெரிய கதிரையில் இருந்தேன். நான் விருந்தாளி என்று சொல்ல எனக்கு அரபு வரவில்லை. எனக்குத் தெரிந்த அரபு முழுக்க எனக்கு இட்ட கட்டளைகள்தான்: வா, கழுவு, கெதியாய். ஆனால் எழும்பவில்லை. நபீலாவும் மக்தலேனாவும் இரண்டு பக்கமும் வந்து இருந்தார்கள். கிழவி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து குசினிக்குப் போனாள். தேத்தண்ணியில் சீனி காணாது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஊர் என்ன கதைக்கும் என்பதில்லை உங்கள் கோபம். அது எனக்குத் தெரியும். அந்தப் பத்து வருசமும் பிள்ளையைத் தனியே வளர்த்தவர் நீங்கள். இவள் இன்னொரு தரம் போனால் திரும்ப மாட்டாள் என்று பயந்தீர்கள். அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஒருவேளை நின்றும் இருப்பேன். வாசலை மிதிக்காதே என்றீர்கள், பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். அது என் வாசலும்தான், மிதிப்பேன். பூட்டி வைத்தால் முற்றத்தில் பாயை விரிப்பேன், ஊர் கூடி வந்து பார்க்கட்டும். அடுத்த வருசமும் எங்காவது போவேன். தனியே விட மனமில்லையென்றால் கூட வாருங்கள், வேறு வழி உங்களுக்கு இல்லை. தாடியை வழித்து, நீலச் சேர்ட்டைப் போட்டு, பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வையுங்கள்.

காற்றுப் பார்த்துக் கடலுக்குப் போங்கள். புனித அன்னம்மாள் உங்களை எனக்காகக் காத்துத் தரட்டும்.

திரும்பி வரும் உங்கள்,
யூஜினி