சிம்பொனியில் என் அழுகை

என் பிரியமான அண்ணே,

ராஜபாளையம் மில் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வயதில் நீ எழுதினாயே, அந்தச் சிம்பொனி மறுபடியும் அச்சாகிறது. சந்தோஷப்பட்டுக்கொள். ஆனால் அதில் என்னை வைத்து ஒரு வேலை பண்ணியிருக்கிறாயே, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பழைய பதிப்பில் வெறும் சுரங்கள் மட்டும்தான் இருந்தன. நீ கண்ணை மூடிய பிறகு, அலமாரியில் கிடைத்த உன் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். அதைச் சரிபார்க்கிற மாலதி, சென்னையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, எப்படி வாசிக்கணும்னு இத்தாலி மொழியில எழுதுறதுதான் வழக்கம். உங்க அண்ணன் எல்லாத்தையும் தமிழ்ல எழுதியிருக்காரு. 'மில்லு சங்கு ஊதிட்டான், ஓடு'ன்னு இருக்கு. இதுக்கு இத்தாலியில என்ன போடட்டும்?"

"இத்தாலிக்காரன் நம்ம மில்லுக்கு ஓடுனானா? இருக்கபடியே போடு தாயி."

வயலின்களுக்கு, 'செத்த நேரம் சும்மா இரு.' டிரம்முக்கு, 'ஏலே, அம்புட்டு சத்தம் வேண்டாம்.' சர்ச்சில் சுரம் படித்தாயே, பாட்டு மாஸ்டரிடம் நாலு இத்தாலியச் சொல் கேட்டிருக்கக் கூடாதா?

நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகத்தில், ஓபோ என்கிற குழல் தனியாக வாசிக்கும் இடத்தில் மாலதி விரலை வைத்தாள். 'எஸ்தர் பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு அழுற மாதிரி. பொய் அழுகை.'

"எஸ்தர் யாரும்மா?"

தாலுகா ஆபீசில் ஊரையே அதட்டிவிட்டு ரிட்டயர் ஆனவள் நான். "இதை மட்டும் எடுத்துரு" என்றேன்.

சித்தி வீட்டுக்குச் சேத்தூர் போகிற பஸ்ஸில் நான் அழுததெல்லாம் பொய் என்று உனக்குத் தெரியுமா? அப்பா நம்பித்தானே ஒவ்வொரு தடவையும் ஜன்னல் சீட்டிலிருந்து உன்னை எழுப்பிவிட்டார்? தெரிந்தும் ஏன் எழுந்தாய்?

மாலதி கெஞ்சினாள். மில் சங்குக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புத்தக வெளியீட்டன்று சென்னையில் ஒரு குழு இதை வாசிக்கப்போகிறது. போன வாரம் ஒத்திகையிலிருந்து ஓபோக்காரர் போன் பண்ணினார். கனத்த குரல்.

"அம்மா, இந்தப் பொய் அழுகை பிடிபட மாட்டேங்குது. ஒரு தடவை அழுது காட்டுறீங்களா?"

பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டு அழுது காட்டினேன். அவர் ஊதிப் பார்த்தார். அச்சு அசலாக என் அழுகை. சீட்டைப் பறிகொடுத்து நின்றுகொண்டே இதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான், பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

"அம்மா... இப்ப அழுறது வேற மாதிரி இருக்கே?"

"இதை வாசிக்காதீங்க தம்பி. இது எங்கண்ணன் எழுதுனதுல இல்ல" என்றேன்.

கச்சேரிக்கு வாரேன் என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில்தான் உட்காருவேன். அந்த இடம் வரும்போது யார் திரும்பிப் பார்த்தாலும், எஸ்தர் யாரோ எவரோ என்று மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
எஸ்தர்