கழுத்து மாறிய பதக்கம்

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் கண்ணு ரஞ்சனிக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் அப்பாவும் எல்லையம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் பனி ஊரில் சளி காய்ச்சல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடி இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு தடவை போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசும்போது இதென்ன திடீரென்று காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் இப்போதெல்லாம் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், ஓட்டத்தைப் பற்றி நான் வாயெடுத்தால் நீ டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கட் பண்ணிவிடுகிறாய். காகிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது, அவராலும் பிடுங்க முடியாது. கடைசி வரைக்கும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

ஊர் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் கம்பெனி கேன்டீனில் புது கான்ட்ராக்டர் வந்திருக்கிறான், சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் அடிக்க வேண்டும், திட்டு மட்டும் பரிமாறுகிற எங்களுக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, குடோனில் ஃபோர்க்லிஃப்ட்டை விட்டு இறங்கினால் நேரே டீக்கடைதான், சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும். பக்கத்து வீட்டு அம்சவல்லி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், உன்னைக் கேட்டார்கள். எல்லாரும் கேட்கிறார்கள், இப்போது கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறார்கள், காரணம் உனக்குத் தெரியும்.

மூன்றாம் இடம் உனக்குத்தான் என்று முடிவாகிவிட்டதை அப்பா போனில் கத்திச் சொன்னபோது நீ 'சரிப்பா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். அந்த மனுஷனுக்கு அது போதவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தேசியத் தடகளப் போட்டியில், ஐயாயிரம் மீட்டரில், நீ நாலாவதாக வந்து நின்றதும், உன்னோடு ஒன்றாகப் பழகி ஒன்றாக ஓடிய நம் ஷெர்லின் மூன்றாவதாக வந்து பதக்கத்தையும் அதை வைத்து அரசாங்க வேலையையும் வாங்கியதும், நீ ஷூவைப் பரண்மேல் எறிந்துவிட்டு செல்போன் கம்பெனி லைனில் போய் நின்றதும், அப்புறம் ஜப்பானில் முதியோர் இல்லத்தில் கிழவன் கிழவிகளைக் குளிப்பாட்டப் போனதும் அவர் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி அப்படியே இருந்தது. உன்னை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குக்கூட வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டவர்தானே. இப்போது ஷெர்லின் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓடியது தெரிந்து, அவள் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டார்கள் என்றதும் மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்துபோனது.

அந்தப் போட்டியின் சரித்திரம் அவருக்கு அத்துப்படி என்பது உனக்குத் தெரியும், நீ ஓட ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு வேறு படிப்பு கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, முதலில் மண் தரையில் வெறுங்காலோடு ஓடியதில் ஆரம்பிப்பார். பொம்பளைகளுக்குக் குட்டி ஓட்டம்தான் வைத்தார்கள், நெடுந்தூரம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று பெரிய பெரிய டாக்டர்களே சொன்னார்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித்தான் இந்த ஐயாயிரம் வந்தது என்பார். கையில் கடிகாரம் பிடித்து நேரம் பார்த்தது, கேமரா வந்தது, வருஷத்துக்கு ஓர் ஊராகப் போட்டி நடந்தது, எந்த ஊரில் மழை வந்து டிராக் மிதந்தது எல்லாம் சொல்லி, கடைசியில் கொண்டுவந்து உன் பெயரில் நிறுத்துவார். 'எம்பொண்ணு சரித்திரத்துல ஏறிட்டாய்யா' என்பார். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இன்னொருத்தி பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில்தானே அது ஏறியிருக்கிறது என்று ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் சும்மா இருந்தாரா, கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் உன் போட்டோவைப் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். 'நேர்மையின் வெற்றி' என்று கொட்டை எழுத்து. ஷெர்லின் முதல் ஷிப்ட்டுக்கு அந்த இடத்தில்தான் பஸ் ஏறுகிறாள். வேலை போய், ஓடத் தடையும் போட்டு, இப்போது ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறாள் கண்ணு. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது என்று எங்கள் கேன்டீன் பெண்கள் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கேட்டுக்கு வெளியே ஷெர்லின் நின்றாள். உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். நம் வீட்டில் சட்டியைத் திறந்து அவளே எடுத்துப் போட்டுச் சாப்பிட்ட பெண். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். துப்பட்டாவில் சுற்றி எதையோ வைத்திருந்தாள், பிரித்தால் அந்தப் பதக்கம். புதுப் பதக்கம் வரும் என்றுதானே நாம் நினைத்தோம், அப்படி இல்லையாம். அவளுக்குக் கொடுத்ததையே திருப்பி வாங்கி உனக்குக் கொடுப்பார்களாம். டெல்லிக்கு அனுப்பி அங்கிருந்து வருவதற்குப் பதில், இரண்டு பேரும் ஒரே ஊர்தானே, நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று தடகளச் சங்க ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறான். அவன் வீட்டிலும் பெண் குழந்தை இருக்காதா. நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து நம் வீட்டுக்குத் தன் பதக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள் அந்தப் பெண், அதுவும் உன் ஃப்ளெக்ஸைத் தாண்டி.

நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்க அவளே தன் போனில் போட்டோ எடுத்தாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. 'கொஞ்சம் நேரா பாருங்க ஆண்ட்டி, மூஞ்சி தெரியணுமாம்' என்றாள். அந்தப் போட்டோவை நீ பார்த்தால் தெரியும், செத்த வீட்டில் நிற்கிறவள் மாதிரி நிற்கிறேன். அவள் எடுத்துவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஏன்டி இப்படிச் செய்தாய், யாராவது உனக்குத் தெரியாமல் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன், அப்படி ஒரு பதில் வந்தால் தேவலாம் போல இருந்தது எனக்கு. 'இல்ல ஆண்ட்டி, தெரிஞ்சேதான் போட்டுகினேன்' என்றாள். அந்த வருஷம்தான் அவள் அப்பா ஜோயலுக்கு பிரஸ் மெஷினில் கை போனது, வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம், அந்த நேரம் பார்த்து ஊசி கொண்டுவந்து நீட்டினானாம் கேம்ப்பில் ஒருத்தன். அப்புறம் அவள் சொன்னதுதான் ரஞ்சனி, நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கே காரணம். 'ரஞ்சனிக்குத் தெரியும் ஆண்ட்டி' என்றாள்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் ஹாஸ்டல் பாத்ரூமில் அவள் ஊசி போடும்போது நீ பார்த்துவிட்டாயாம். வேண்டாம்டி, நாளைக்கு ஓடாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாயாம். அவள் தன் அப்பா கையைச் சொன்னாளாம். அதற்குமேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, உன் கண்ணெதிரே அவள் உன்னைத் தாண்டிப் போய், மேடையில் ஏறி நின்று, நீ கீழே நின்று பார்த்து, அப்போதும் கோச் ஜீவானந்தம் மாஸ்டரிடம்கூட வாயைத் திறக்கவில்லையாம். 'திரும்பி வரசொல்ல ட்ரெயின்ல என்னோட ஒரே தட்டுல சாப்ட்டா ஆண்ட்டி. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். அதத்தான் இத்தினி வருஷமா தாங்க முடியல' என்றாள். இந்த வருஷம் அந்த ஊசிக்காரன் வேறு ஏதோ கேஸில் மாட்டிக்கொண்டு, விசாரிக்க வந்தவர்கள் இவளையும் கேட்டிருக்கிறார்கள். சாட்சி ஒன்றும் இல்லை, இல்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களாம். 'அவ சொல்லாம போய்ட்டா, நான் எத்தினி நாள் அந்த கவர்மென்ட் சீட்ல குந்திகினு இருக்கறது' என்றாள். ஆமாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி போட்டவள் மாட்டிக்கொண்டாள் என்பதுதான்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்றவளிடம்கூட சொல்லாமல் ஐந்து வருஷம் எப்படியடி வைத்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வேலை உனக்கு வந்திருக்கும், நீ என் பக்கத்தில் இருந்திருப்பாய், யார் யாரையோ தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டு அந்தப் பனியில் கிடந்திருக்க வேண்டாம். இப்படித்தான் ஒரு நாள் முழுக்க மனதுக்குள் உன்னைத் திட்டினேன். அப்புறம் நீ சொல்லியிருந்தால் ஜோயல் வீடு என்னவாகியிருக்கும் என்று நினைத்தேன். நீ செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை, எனக்கு அவ்வளவு அறிவு இல்லை. உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது மட்டும் தெரிகிறது, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை கண்ணு.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, நான் உன்னைப் போல இல்லை. சொன்னதும் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தார். 'எம்பொண்ணு ஓடத் தெரியாம தோத்துட்டான்னு இத்தினி நாளு அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்தேனே' என்று மட்டும் சொன்னார். எழுந்து போய் ஃப்ளெக்ஸைத் தானே அவிழ்த்து, கட்டை கம்பியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்களாம், காற்றில் கிழிந்துவிட்டது என்றாராம். டீக்கடையில் இப்போது அந்தச் சரித்திரம் பேசுவதில்லை, அதனால் சர்க்கரைகூட இறங்கினாலும் இறங்கும். வெள்ளிக்கிழமை நான் ஷெர்லின் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவள் அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். ஊர் பேச்சுக்குப் பயந்து சர்ச்சுக்குப் போவதைக்கூட அந்த அம்மா நிறுத்திவிட்டாளாம்.

பதக்கத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாட்டி வைக்க மனசு வரவில்லை, அது உன்னுடையது, நீ வந்து என்ன செய்யச் சொல்கிறாயோ அப்படி. குளிருக்கு உள்ளே இரண்டு பனியன் போடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே, பெரியவர்களைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். அம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், நீ நல்லா இருப்பாய், நூறு வயசு இருப்பாய்.

அன்றைக்கு ஷெர்லின் கேட் வரைக்கும் போனவள் திரும்பி ஒன்று கேட்டாள். உனக்குக் கோபமா என்று கேட்கவில்லை, மன்னித்துவிட்டாயா என்று கேட்கவில்லை. 'அவ அங்க இன்னும் ஓடறாளா ஆண்ட்டி' என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல அவ்வளவு வெட்கமாக இருந்தது. நம்பர் மாற்றிவிட்டாள், பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம் கண்ணு, அவளுக்கே போன் பண்ணிச் சொல்.

உன் நினைப்பிலேயே இருக்கும்,
அம்மா செங்கமலம்.