கஞ்சி போட்ட சீலை

கல்முனைக்குடி
18.03.1981

அன்பு மகள் முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வாப்பா சவளக்கடை வயலில் நிற்கிறார். வெட்டிய கதிர் அங்கே கிடக்க, காலம் தப்பிய மழை இரண்டு நாளாகத் தூறுகிறது. ஆள் அனுப்பிக் கேட்டால், நெல் இன்னும் முளைக்கவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, ஆனால் அது மழையால் அல்ல. இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மூன்று மாதமாகத் தூரிகை ஓடவில்லை, ஜூனில் கண்காட்சி, சுவரில் மாட்ட ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். மருதமுனையில் ஆதம்பாவாவின் தறிக்கொட்டிலில், நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் கை துடைக்கிற சீலைத்துணி தூணில் தொங்குமே, வாப்பாவுடன் அவருக்கு உடுக்கச் சாரன் வாங்கப் போன அன்று பத்து வயதில் பார்த்தேன், இத்தனை வருடமும் அதைத்தான் வரையப் பார்க்கிறேன், அதை அனுப்புங்கள் உம்மா என்றும் கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால், கை துடைத்த சீலையில் ஒரு படத்துக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நீ போன வருடம் அனுப்பிய படமும் அலுமாரிக்குள்தான் கிடந்தது. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள், எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

அந்தக் கூச்சம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நானே போய்க் கேட்காமல், என்னுடன் படிப்பிக்கிற மைமூனா டீச்சரிடம், மகளுக்கு லண்டனுக்கு அனுப்ப அந்தச் சீலை வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு ஊர் மருதமுனைதானே. சனிக்கிழமை போனால், ஆதம்பாவாவின் மனைவி நாச்சியா உட்காரக் கதிரை போட்டு இருத்தி, பிளேன்டீ தந்து, ஒரு தட்டில் மடித்த துணியைக் கொண்டுவந்து வைத்தாள். துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கியிருந்தது. “ஊத்தச் சீலையையா டீச்சர் சீமைக்கு அனுப்புற? நம்மட ஊர்ர மானம் போயிருமே. சவுக்காரம் போட்டு மூணு தண்ணி அலசிட்டன், இன்னும் முழுக்கப் போகுதில்ல” என்றாள். அவளுடைய நகங்களில் நீலம் ஏறியிருந்தது. ஆதம்பாவா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்களே வந்து கேட்டிருந்தா தூணிலிருந்து அப்படியே கழட்டித் தந்திருப்பனே டீச்சர்” என்றார். நீ பார்த்த சீலை எப்போதோ இற்றுப் போயிற்றாம், இது ஏழு வருடம் தொங்கியதாம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மேசையில் விரித்து நாலு நாளாகிறது. சிவப்பு ஓரத்தில் மட்டும் நிற்கிறது. மஞ்சள் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நடுவில் யாரோ அழுத்தித் துடைத்த இடம் கரும்பச்சையாக அசையாமல் இருக்கிறது. விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கறி அடிப்பிடித்துவிட்டது. பிறகு உன் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது அது முன்னறையில் தொங்குகிறது. இன்று மைமூனா டீச்சர் வந்து, இதென்ன என்று கேட்டார். என் மகள் வரைந்தது என்றேன்.

நிறத்தைப் பூசி, சுரண்டி, காயவிட்டு, மேலே பூசி, மறுபடி சுரண்டுவேன், போகாமல் நிற்பதுதான் படம் என்று முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். மூன்று தண்ணீருக்கும் போகாமல் நின்றதைப் பார்சலில் அனுப்புகிறேன். நீ கேட்டது இதுவல்ல, பிழை என்னுடையது. இது உதவாவிட்டால் எனக்காக ஒளிக்காமல் எழுது. தூணில் புதுச் சீலை கட்டியிருக்கிறார்கள். இனி வேண்டுமென்றால் நானே போய்க் கேட்பேன்.

அல்லாஹ் உன் கைக்குப் பறக்கத்தையும் நிறைவையும் தரட்டும். தொழுகையை விடாதே, காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு நிற்காதே. பார்சல் வந்ததும் மருமகன் நல்லெண்ணத்தில் அதைத் தண்ணீரில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

உன் உம்மா,
றம்லா