என் பெயர் ஒட்டிய புட்டி

மார்ச் 4

டேய் சில்லறை,

போனில் பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். நலமா என்று கேட்கமாட்டேன். உன் சிறுநீர் எவ்வளவு சுத்தம் என்று டிப்போவுக்கே தெரியும்.

ஐந்து வருடம் மருத்துவப் பரிசோதனையில் என் பெயர் ஒட்டிய புட்டியை நிரப்பிக் கொடுத்தவன், இந்த வருடம் டாக்டரிடமே போய், "சார், அதெல்லாம் என்னோடது"ன்னு சொல்லியிருக்கிறாய். இருபது வருடம் என் பஸ்ஸில் விசில் ஊதியவனடா நீ! இப்போது என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கூடவே இருந்து குழி பறித்துவிட்டாய். என் வீட்டுப் பக்கம் வராதே.

ஒட்டகம்


மார்ச் 9

ஒட்டகத்துக்கு,

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? வழியில் கழிப்பறை இல்லையென்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டி இந்தப் பேரை வாங்கியவன் நீ. சிறுநீரில் புரதம் போகிறது, பிரஷரும் அதிகம் என்று முதல் புட்டிக்கு முன்பே எழுதினார்கள். "ஒரே ஒரு தடவைடா, மாத்திரை போட்டுச் சரி பண்ணிடுறேன்"னு கெஞ்சினாய். போட்டாயா?

போன மாதம் வீங்கிய கால் ஷூவுக்குள் நுழையாமல், என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டினாய். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை வரவில்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துவிடு. உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி மாதிரி; அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சில்லறை


ஏப்ரல் 2

சில்லறை,

உன் தங்கச்சி இழுத்துப்போனாள். ரத்தத்தில் கிரியாட்டினின் நாலரை; ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கணுமாம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாம். உப்பு குறைக்கணும். தண்ணீரும் அளந்துதான். ஒட்டகத்துக்குத் தண்ணீர் அளவு! சிரித்துத் தொலை.

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் கேட்டார். ஐந்தையும் நீட்டினேன். எல்லாம் நார்மல். "இது யாரோடதுங்க?" என்றார். சொன்னேன். "அப்பவே வந்திருந்தா மாத்திரையிலயே பல வருஷம் தள்ளியிருக்கலாமே"ன்னார். உன் தங்கச்சி அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை.

காட்டிக்கொடுத்தவன் என்று உன்னைத் திட்டியது தப்பு. ஆனால் அந்த ஐந்து புட்டிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. கேட்டவன் நான், முட்டாள். நீ ஒரு தடவையாவது "முடியாது, போடா" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

டயாலிசிஸுக்குத் தயாராக, செவ்வாய்க்கிழமை என் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்கிறார்கள். அவள் வெளியே தனியாக இருப்பாள். வந்து உட்கார்.

என்னோடு மட்டும் பேசாதே.

ஒட்டகம்