கட்டார் மாப்பிள்ளையோ, ஓமான் மாப்பிள்ளையோ

ஒக்டோபர் 18, சனி

எரிச்சலில நித்திரை வருகுதில்லை.

யாழ்ப்பாணத்தில இருக்கிற அக்காவின்ர மகள் சுகன்யாவுக்கு ரெண்டு சம்பந்தம் வந்திருக்கு. ஒருத்தன் கட்டாரில வேலை, மற்றவன் ஓமானில. பெடியள் குடிக்கிறவங்களோ, கோபக்காரரோ எண்டு ஒருத்தரும் விசாரிக்கேல்லை. இண்டைக்குப் பின்னேரம் என்ர மனுசனும் அவரின்ர தமையனும் இங்க வெளிநாட்டில எங்கட வீட்டு ஹோலில இருந்து, ரெண்டு நாட்டுக்கும்தான் பொருத்தம் பார்த்தினம்.

தமையன் ஊருக்குப் போற வழியில ஒருக்கா தோகா எயார்போட்டில பிளேன் மாறினவர். அந்த அனுபவத்தில கட்டாரின்ர மெட்ரோ, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் சாட்சி சொன்னார். ஓமான் எண்டால் அவருக்கு வெறும் மலையும் ஆடும்தான். என்ர மனுசன் விடுவாரே? ஓமானை யூடியூப்பில பார்த்தவராம். ரோட்டில ஒரு குப்பை கிடக்காதாம். எங்கட குப்பை வாளியை வெளியில வைக்க நாலு தரம் கத்தவேணும், இவர் ஓமானின்ர துப்பரவைக் கதைக்கிறார்.

கடைசியில கட்டார் வெண்டுது. உடனே என்ர மனுசன் சுகன்யாவுக்கு வீடியோ கோல் எடுத்து, "பிள்ளை, கட்டாரைத்தான் முடிவெடுத்திருக்கிறம். நல்லா முன்னேறின நாடு" எண்டார்.

அவள் பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, ரெண்டு பேருக்கும் மனுசியைக் கூப்பிடுற விசா இல்லையாம். கலியாணம் முடிச்சாலும் நான் இங்க மாமியாரோடதான். ஒருத்தற்ர வீடு இணுவிலில, மற்றவற்ர வீடு சாவகச்சேரியில. அது ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கோ."

கோல் முடிஞ்சுது. பிறகு தமையன் இவரிட்ட மெல்லமாக் கேட்டார்.

"சாவகச்சேரியில இப்ப ரோட்டெல்லாம் எப்பிடி?"