நைல் நதிக்குப் போன உன் சப்பாத்து

தண்ணீரைக் கண்டால் சிரிப்பை அடக்கத் தெரியாத என் சுதன் மச்சானுக்கு,

நாங்கள் போய்வந்துவிட்டோம். உகண்டா, நைல் நதி, வீட்டு உயரத்துக்கு அலை என்று இரண்டு வருடமாக எங்களுக்கு அரியண்டம் தந்தவன் நீ. சாப்பிடும்போதும் அந்தக் கதை, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கதை. கடைசியில் எல்லோரும் போனோம், நீ மட்டும் வரவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது.

ஆறு உன்னைக் கொண்டுபோகவில்லை என்று இந்தப் பலெர்மோவில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நீ வேலை செய்த உணவகத்துக் குசினியில், ஒரு மத்தியானம், தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தாய். கயாக் வள்ளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டொக்டரே சொன்னார். ஆனால் நம்முடைய சனத்துக்கு ஒரு காரணம் வேண்டும். அவன் அந்த வள்ளத்தோடு கூத்தாடினவன்தானே என்று செத்தவீட்டிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உன் வாணியும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று நாங்கள் மூவரும் முடிவு கட்டியிருந்தோம். மூவர் என்றால் நான், கபோ சந்தையில் மீன் விற்கிற சால்வோ, நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஜூலியா. உன்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்தானே. அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டு எனக்கு இடியப்பம் கட்டித் தந்தவள், உன் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு எங்களோடு கதைக்கவேயில்லை. வழியில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். இழந்தவளிடம் போய் நியாயம் கேட்கவா முடியும்? நாங்களும் ஒதுங்கிக்கொண்டோம். நைலையும் கைவிட்டோம்.

பிறகு ஒரு காலை சால்வோவின் மீன்தட்டுக்கு முன்னால் நான் நின்றபோது வாணி வந்தாள். சால்வோ வாள்மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். அவள் அவனைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

"ஆபிரிக்காவுக்கு எப்ப போறியள்?"

அந்த எண்ணத்தை விட்டுவிட்டோம் என்றேன்.

"விடக்கூடாது. போங்கோ. நானும் வாறன்."

நான் அதைச் சால்வோவுக்கு இத்தாலியனில் சொன்னேன். ஏன் என்று கேட்கச் சொன்னான் அவன். அவள் தமிழில்தான் பதில் சொன்னாள், நிதானமாக, யோசித்து வைத்திருந்தவள் மாதிரி.

"அவர் எனக்கு ஒரு பொய் சொன்னவர். கலியாணம் கட்டினதிலையிருந்து ஒண்டே ஒண்டு. உங்களோடை ஆத்துக்கு வந்த இடத்து விசயம். அது என்னெண்டு உங்களைக் கேட்டா நீங்கள் அவரைக் காப்பாத்தத்தான் கதைப்பியள். நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

மச்சான், அன்றிலிருந்து என் நித்திரை போய்விட்டது. என்ன பொய்யடா சொன்னாய்? முதலில் ஜூலியாவைப் பற்றித்தான் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கோபிக்காதே. கயாக்கில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற இறப்பர்த் துணிக்கு நாங்கள் பாவாடை என்று பெயர் வைத்திருந்தோம், வள்ளத்துக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது. ஜூலியாவின் பழைய பாவாடையை நீ ஒருமுறை உன் பல்கனியில் காயப்போட்டு வாணியிடம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. ஜூலியாவிடமே கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வாணி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாள். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பித்து வரும்வரை கெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். தான் பார்த்துக்கொள்கிற வயதான சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, மாற்றாள் ஒழுங்குசெய்தாள். தண்ணீரில் கால் வைக்காதவள் ஜூலியாவின் நீச்சல் தடாகத்துக்கு வந்து மிதக்கப் பழகினாள். கதை மட்டும் இல்லை. கேட்டால் ஓம், அல்லது இல்லை, அவ்வளவுதான். புறப்படுகிற நாள் அவளுடைய பையின் மேல்தட்டில் நீ ஆற்றில் காலுக்குப் போட்ட சப்பாத்து இருந்ததை மூவருமே பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

போவதற்கு முன் நாங்கள் மூவரும் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தோம். துக்கக்காரிக்கு முன்னால் பகிடி வேண்டாம், குடி வேண்டாம், உன் பெயரையே எடுக்கவேண்டாம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். எங்களைப் போல மூன்று மடையர்களை நீ எங்கே தேடிப்பிடித்தாயோ தெரியாது.

நைல் நீ சொன்னதைவிடப் பெரிது. கலாப்ரியாவில் லாவோ ஆற்றில் நாங்கள் விறைத்துச் செத்தோமே, அந்தக் குளிர் இங்கே இல்லை. பிள்ளைக்குக் குளிக்க வார்க்கிற தண்ணீர் மாதிரி இளஞ்சூடு. கரையெல்லாம் பச்சை, துணி தோய்க்கிற பெண்கள், எங்களைப் பார்த்துக் கையாட்டுகிற சின்னப் பிள்ளைகள். முதல் பெரிய அலையில் சால்வோ போனான், ஜூலியா போனாள். நான் போனேன், கவிழ்ந்தேன். தலைகீழாக இருந்தபடி துடுப்பை வீசி உருண்டு எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. பாவாடையை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து நீந்தினேன். மேலே வந்ததும் தலைக்கவசத்தில் தட்டிக் காட்டினேன். சுகமாயிருக்கிறேன் என்பதற்கு ஆற்றில் அதுதான் சைகை. கரையில் நின்ற வாணிக்கு ஜூலியா அதை விளக்கிச் சொன்னாளாம்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியும், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கயாக்குக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வள்ளத்தை விட்டு வெளியே வந்து நீந்தியவர், கரை சேர்ந்ததும் தன்னுடைய நனைந்த சப்பாத்தைக் கழற்றி அதற்குள் பியர் ஊற்றிக் குடிக்கவேண்டும். விழுந்ததற்குத் தண்டனை, பிழைத்ததற்குக் கொண்டாட்டம். அன்றைக்கு அந்தச் சட்டத்தை நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டோம். வாணி இருக்கிறாளே. சால்வோ என் காலைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பின்னேரம் கரையில் இருந்து சாப்பிட்டோம். அந்த ஊரில் முட்டையைச் சப்பாத்திக்குள் சுருட்டித் தருகிறார்கள், நம்முடைய முட்டை ரொட்டிக்குச் சொந்தக்காரன். பக்கத்தில் கென்யாவிலிருந்து வந்த ஒரு கூட்டம் இறங்கியது. அவர்களில் தடித்த மனிதர் ஒருவர் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். மற்றவர்கள் கைதட்ட, அதற்குள் பியரை ஊற்றி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

வாணி எழுந்துவிட்டாள். கடித்த ரொட்டி கையிலேயே இருந்தது.

"அண்ணை, அந்தாள் என்ன செய்யுது?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு அண்ணை என்கிறாள். அந்தச் சந்தோசத்தில் ஒன்றையும் மறைக்கத் தோன்றவில்லை, சட்டத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கும் இருக்கே இந்தச் சட்டம்?"

"ஓம்."

"நீங்கள் இண்டைக்கு விழுந்தனீங்கள். குடிக்கேல்லை. நான் இருக்கிறன் எண்டோ?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். பிறகு சொன்னாள். அவளுடைய அப்பா குடித்தே செத்தவராம், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கலியாணம் முடிந்த கையோடு இருவரும் சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு ஏறிப் போனபோது, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று நீ அவளுக்கு வாக்குக் கொடுத்தாயாம். பிறகு ஒரு ஞாயிறு அவள் கழுவ எடுத்த உன் சப்பாத்து பியர் மணத்ததாம். சப்பாத்துக்குள் ஊற்றிக் குடிக்க வைத்துவிட்டார்கள், அது ஆற்றுச் சட்டம் என்று நீ சொன்னாயாம்.

"குடிச்சதையும் குடிச்சுப்போட்டு என்னைப் பேய்க்காட்டுறியளோ எண்டு கேட்டன். ஒரு கிழமை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. ஆர் அண்ணை சப்பாத்துக்குள்ளை குடிப்பினம்? ஆர் நம்புவினம்?"

அதுதான் அந்தப் பொய். நான் நாள்கணக்காக நித்திரை முழித்த பொய்.

நான் இத்தாலியனில் மற்ற இருவருக்கும் சொன்னேன். ஜூலியா வாயைப் பொத்திக்கொண்டாள். சால்வோ திடீரென்று துள்ளி எழுந்து, "அரஞ்சாத்தா" என்றான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒரு வசந்தகாலத்துக்குப் பிறகு நீ பியரைத் தொடவேயில்லை. ஆற்றுக்கு வரும்போதெல்லாம் அரஞ்சாத்தா என்கிற தோடம்பழச் சோடாப் போத்தல் ஒன்று உன் பையில் இருக்கும். விழுந்தால் சப்பாத்துக்குள் அதைத்தான் ஊற்றிக்கொள்வாய். குழந்தைப்பிள்ளை என்று நாங்கள் பழித்தோம், நீ சிரித்துக்கொண்டு குடித்தாய். எங்களில் ஆகக் கூடுதலாக விழுந்தவனும் நீதான், எவ்வளவு சோடாவடா குடித்தாய்.

இதை நான் வாணிக்குச் சொன்னேன்.

"எறும்பு" என்றாள். எங்களுக்கு விளங்கவில்லை.

"பல்கனியிலை காயவைச்ச சப்பாத்து முழுக்க எறும்பு, அண்ணை. நீங்கள் ஆத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும். நான் மஞ்சள் தூள் போட்டு அடிச்சன். ஆத்துச் சேத்திலை என்னவோ இருக்கெண்டு நினைச்சன். அதுக்கும் அவரைத்தான் பேசினனான்."

சிரிக்கத் தொடங்கினாள், மச்சான். சிரித்து முடிக்கமுடியாமல் அழுதாள். ஜூலியா பக்கத்தில் போய் இருந்து அவளுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இவளையா நான் சந்தேகப்பட்டேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏனடா அவளிடம் சொல்லவில்லை? சோடாதான் குடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. திரும்பவும் நம்பமாட்டாள் என்று பயந்தாயா? சொல்லிக்காட்டினால் வாக்கு வாக்காக இருக்காது என்று நினைத்தாயா? அல்லது நேரம் இருக்கிறது, பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டாயா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால் என்னால் தாங்கமுடியாது.

மறுநாள் வாணி தானும் ஆற்றில் இறங்கவேண்டும் என்றாள். கயாக்கில் இல்லை, காற்றடித்த பெரிய இறப்பர்ப் படகில், இசாக் என்ற அந்த ஊர்ப் படகோட்டியோடு. நாங்கள் மூவரும் கயாக்கில் சுற்றிவர நின்றோம். இரண்டாவது அலையில் படகு அப்படியே கவிழ்ந்தது. என் உயிர் போய்வந்தது. உனக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது. நுரைக்குள்ளிருந்து முதலில் ஒரு சிவப்புத் தலைக்கவசம் வந்தது. பிறகு ஒரு கை வந்து அந்தக் கவசத்தில் தட்டியது.

கரையேறியதும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பையைத் திறந்து உன் சப்பாத்தை எடுத்தாள். சோடா இருக்கிறதா என்று கேட்டாள். இசாக் ஓடிப்போய்க் கடையில் தோடம்பழச் சோடா வாங்கிவந்தான். அவளே ஊற்றினாள். முழுப் போத்தலும் அதற்குள் போனது, உன் கால் என்ன சின்னக் காலா. குடிப்பதற்கு முன் ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பொய் சொல்லேல்லை. நான்தான் நம்பேல்லை."

ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். முகத்தைச் சுளித்து, எத்தனை தரம் கழுவியும் இந்த மணம் போகவில்லையே என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நேற்றைய கடனைக் கட்டச் சொன்னாள். எனக்கும் சோடாதான். அதற்குப் பிறகு உன் பெயரைத் தவிர வேறு பேச்சு இல்லை. லாவோவில் நீ மரக்கிளையில் தொங்கிய கதை, மெசினாவில் கப்பலைத் தவறவிட்ட கதை, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். நீ எங்களோடு எப்படிச் சிரித்தாய் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அதைக் கொடுக்காமல் நாங்கள் மௌனத்தை அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே எல்லாம் வழமைபோலத்தான். சால்வோ மீன் விற்கிறான். உன்னுடைய உணவகத்தில் புதிதாக ஒரு பொடியனைச் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் வாணி தடாகத்துக்கு வருகிறாள், உருண்டு எழும்பப் பழகுகிறாள். உன்னைவிடக் கெதியாகப் பிடித்துவிடுவாள் என்கிறாள் ஜூலியா.

இன்றைக்குக் காலையில் போன் பண்ணினாள். உன் சப்பாத்தைக் கழுவாமல் பல்கனியில் வைத்திருக்கிறாளாம். நேற்று வரையும் ஒன்றும் இல்லையாம். "எறும்பு வந்திட்டுது, அண்ணை" என்றாள். "மஞ்சள் போடேல்லை. இருக்கட்டும்."

அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இனி எந்த ஆற்றில் விழுந்தாலும் எங்கள் சப்பாத்துக்குள் தோடம்பழச் சோடாதான், மச்சான். மூவரும் ஒத்துக்கொண்டுவிட்டோம், வாணியோடு நால்வர். அவள் தண்ணீருக்குள் இருக்கும்வரை நான் கரைக்கு ஏறமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. உன்னைப் போலவே காப்பாற்றுவேன்.

உன் வாணிக்கு அண்ணன், ஆகவே இனி முறைப்படியே உன் மச்சான்,
நேசன்
அல்பெர்கேரியா, பலெர்மோ